சிவப்புத் தட்டு டைமர்: ஏடிஹெச்டி உள்ள பிள்ளைக்கு வாங்கலாமா?

வாங்கலாம். என் மகனுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு படிக்கிறான், ஏடிஹெச்டி (கவனம் நிற்காமை, அளவு கடந்த துருதுருப்பு சேர்ந்த நிலை) இருக்கிறது என்று டாக்டர் உறுதி செய்திருக்கிறார். அவனுக்கென்று வாங்கிய பொருள்கள் வீட்டு அலமாரியில் நிறைய இருக்கின்றன. கையில் வைத்துப் பிசையும் பந்து, விரலில் சுழலும் ஸ்பின்னர், கவனத்தைக் கூட்டும் என்று அட்டையில் பெரிதாகப் போட்ட புதிர்ப் புத்தகங்கள். இவற்றில் தினமும் கைக்கு வருவது இந்த டைமர் ஒன்றுதான். அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நாங்கள் வாலாஜாபேட்டையில் இருக்கிறோம். நேரில் பார்த்து வாங்கலாம் என்று வேலூர் லாங் பஜாரில் பாத்திரக் கடை, ஸ்டேஷனரிக் கடை எல்லாம் கேட்டேன். அடுப்படியில் வைக்கிற, முறுக்கி விடும் டைமரைத்தான் காட்டினார்கள். அது வேறு, இது வேறு. கடைசியில் ஆன்லைனில் 549 ரூபாய்க்குக் கிடைத்தது.

பொருள் இதுதான்: உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் சதுரம். முகப்பில் 0 முதல் 60 வரை எண்கள், நடுவில் ஒரு குமிழ். குமிழைத் திருப்பினால் உள்ளிருந்து சிவப்புத் தட்டு விரியும். இருபது நிமிஷம் வைத்தால் வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு சிவப்பாக நிற்கும். நேரம் போகப் போக சிவப்பு சுருங்கிக்கொண்டே வந்து, முடிந்ததும் பீப் அடிக்கும். பின்பக்கம் சத்தத்துக்கு ஒரு சுவிட்ச்: இல்லை, மெதுவாக, பலமாக. ஒரு ஏஏ பேட்டரி வேண்டும், அது பெட்டியில் வராது.

இந்த யோசனை ஒரு தாயிடமிருந்து வந்தது. அமெரிக்காவில் சின்சினாட்டி நகரில் ஜான் ரோஜர்ஸ் என்ற பெண்மணி, 'இன்னும் எவ்வளவு நேரம்?' என்று ஓயாமல் கேட்ட தன் நான்கு வயது மகளுக்காக 1994இல் இப்படி ஒன்றைச் செய்தார். அதுதான் 'டைம் டைமர்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. நம் ஊரில் அந்த அசல் வாங்கினால் பல மடங்கு விலை. நான் வாங்கியது அதே மாதிரி செய்த சாதாரணச் சரக்கு. வீட்டு உபயோகத்துக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. வகுப்பறைக்குப் போதாது, அதைக் கீழே சொல்கிறேன்.

ஏன் இது வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டு வாங்கினால்தான் பயன் உண்டு. ஏடிஹெச்டி உள்ள பிள்ளைக்கு நேரம் போவது உள்ளுக்குள் தெரிவதில்லை. 'பத்து நிமிஷத்தில் கிளம்பணும்' என்று சொன்னால் அந்தப் பத்து நிமிஷம் அவனுக்கு எந்த உருவமும் இல்லாத ஒன்று. இப்போது இருக்கிறது, அப்புறம் இருக்கிறது, நடுவில் ஒன்றும் இல்லை. இந்தத் துறையில் பல பத்தாண்டுகள் வேலை செய்த ரஸ்ஸல் பார்க்லி என்ற உளவியலாளர் இதை நேரத்தைப் பார்க்க முடியாத குறை என்றே சொல்கிறார். தன்னைத்தானே அடக்கி நடத்திக்கொள்ளும் திறனில் இந்தப் பிள்ளைகள் ஏறக்குறைய 30 சதவீதம் பின்தங்கி இருப்பார்கள் என்பதும் அவர் தரும் கணக்கு. அதாவது என் பத்து வயதுப் பையனிடம், பையை அடுக்குவது, வேலையைத் தொடங்குவது, கோபத்தைப் பிடித்து வைப்பது இவற்றிலெல்லாம் ஏழு வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்ப்பதை எதிர்பார்க்க வேண்டும். அறிவு குறைவு என்று இதற்குப் பொருள் இல்லை. கிரிக்கெட் ஸ்கோர் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். 2007இல் ஃபிலிப் ஷா குழுவினர் அமெரிக்காவில் மூளை ஸ்கேன் எடுத்துச் செய்த ஆய்விலும் இதே மாதிரி ஒரு கணக்கு வந்தது. மூளையின் மேலடுக்கான புறணியில் பாதி இடங்கள் முழுத் தடிமனை எட்டும் வயது மற்றப் பிள்ளைகளுக்குச் சராசரியாக ஏழரை, ஏடிஹெச்டி உள்ளவர்களுக்குப் பத்தரை. வளர்ச்சி அதே வழியில்தான் நடக்கிறது, தாமதமாக நடக்கிறது. இந்த ஒரு தகவலை நான் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், ஏனென்றால் 'அடிச்சா திருந்திடுவான்' என்ற பேச்சு அதற்கப்புறம்தான் எங்கள் வீட்டில் குறைந்தது.

நான் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கும் லைனில் சூப்பர்வைசர். எங்கள் லைன் முனையில் ஒரு போர்டு உண்டு. இந்த மணிக்கு டார்கெட் எத்தனை ஜோடி, முடிந்தது எத்தனை ஜோடி என்று மணிக்கு மணி எழுதுவோம். இருபது வருஷம் மெஷினில் உட்கார்ந்த அக்காக்கள்கூட நிமிர்ந்து அந்த போர்டைப் பார்த்துத்தான் கையின் வேகத்தைச் சரிசெய்வார்கள். அனுபவசாலிகளான பெரியவர்களுக்கே நேரத்தையும் வேலையையும் கண் முன்னால் எழுதி வைக்கிறோம். பத்து வயதுப் பிள்ளையை மட்டும் எல்லாவற்றையும் மனசுக்குள் கணக்குப் போடச் சொல்வது எந்த வகையில் நியாயம்? இந்த டைமர் அவனுக்கு அந்த போர்டு. இதை நான் மனதார நம்புகிறேன்.

வீட்டுப்பாட நேரத்துக்கு வருவோம். பள்ளி வேன் ஐந்தரைக்கு விடும். பையன் பசியோடு வருவான், அந்த நேரத்தில் புத்தகம் எடு என்று சொல்வதே வீண். சாப்பிட்டு, தெருவில் சைக்கிள் ஓட்டிவிட்டு வந்து ஆறரைக்கு உட்காருவான். இந்தப் பிள்ளைகளுக்குக் கஷ்டம் வேலையைச் செய்வதைவிட வேலையைத் தொடங்குவதில்தான். அதனால் டைமரில் முதலில் வைப்பது ஐந்தே நிமிஷம். தேதி எழுது, தலைப்பு எழுது, முதல் கணக்கைப் பார்த்து எழுது. அவ்வளவுதான் ஒப்பந்தம். ஐந்து நிமிஷத்துச் சிவப்பு ஒரு சின்னக் கீற்று, அதைப் பார்த்தாலே அவன் முகம் தளர்கிறது. பீப் அடித்ததும் பாதி நாள் அவனே, 'நைனா, இன்னும் ஒண்ணு போட்டுட்டு எழுந்துக்கறேன்' என்பான். மீதி நாள் எழுந்து போவான். போகட்டும், ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். அதற்கு அப்புறம் பன்னிரண்டு நிமிஷம் வேலை, நான்கு நிமிஷம் ஓய்வு என்று போகும்.

இதில் ஓய்வுக்கு டைமர் வைப்பதுதான் வேலைக்கு வைப்பதைவிட முக்கியம் என்று சொல்வேன். டைமர் இல்லாத நாள்களில், தண்ணீர் குடிக்க எழுந்தவன் மாடிக்குப் போய், அங்கிருந்து பக்கத்து வீட்டு நாய்க்குட்டியைப் பார்த்து, அரை மணி கழித்துத்தான் கிடைப்பான். இப்போது ஓய்வுக்கான குமிழை அவனே திருப்புகிறான். நான்கு என்பது பல நேரம் ஆறாக இருக்கும், நான் கேட்பதில்லை. அவனே வைத்த நேரம் என்பதால் திரும்பி வந்து உட்காருகிறான். ஓய்வில் போன், டிவி கிடையாது, அவை நான்கு நிமிஷத்தில் விடுகிற சமாச்சாரம் இல்லை.

உட்கார்ந்துதான் எழுத வேண்டும் என்றும் நாங்கள் கட்டாயப்படுத்துவதில்லை. ஜன்னல் திண்டில் நோட்டை வைத்து நின்றுகொண்டு எழுதுவான், காலை ஆட்டுவான். 2015இல் மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் சார்வர், ராபோர்ட் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஏடிஹெச்டி உள்ள பையன்கள் அதிகம் அசையும்போதுதான் மனதில் வைத்துச் செய்யும் வேலைகளை நன்றாகச் செய்தார்கள் என்று கண்டார்கள். அசைவை நிறுத்தச் சொன்னால் கவனமும் குறையலாம். டைமரை அவன் நிற்கும் இடத்திலிருந்து தெரிகிற மாதிரி வைத்தால் போதும். இந்தப் பொருளுக்கு இதுதான் முதல் விதி: வேலை நடக்கும் இடத்தில், கண் மட்டத்தில். டிவி மேல் வைத்த டைமர் கணக்கு நோட்டுக்கு உதவாது.

போனையும் டிவியையும் நிறுத்துவதில் இதன் பயன் சரிபாதி. ஏடிஹெச்டி என்றால் எதிலும் கவனம் நிற்காது என்று நினைக்கிறார்கள், பிடித்த ஒன்றில் மூழ்கினால் இந்தப் பிள்ளைகளை அசைக்கவே முடியாது. அதிலிருந்து சட்டென்று இழுத்தால் அழுகை, கத்தல், சாமான் பறக்கும். சிவப்பு சுருங்குவது தெரிவதால் முடிவு வரப்போகிறது என்று மனசு முன்கூட்டியே தயாராகிறது. எங்கள் வீட்டில் மாலைச் சண்டை பாதியாகக் குறைந்ததற்கு இதுவே காரணம் என்பது என் மனைவியின் தீர்ப்பு. ஆனால் ஆட்டத்தின் கடைசி ஓவர் நடக்கும்போது சிவப்பு தீர்ந்தால் எந்த டைமராலும் காப்பாற்ற முடியாது. ஓவர் முடிவு, கார்ட்டூன் முடிவு என்று இயல்பாக நிற்கும் இடத்தைப் பார்த்து நேரம் வைக்க வேண்டும்.

காலை நேரத்துக்கு இது சரிப்படவில்லை. பல் தேய்ப்பது, குளிப்பது, யூனிஃபார்ம், ஷூ, பை, டப்பா என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு அறையில். டைமர் ஒரு இடத்தில் இருக்கும், பிள்ளை ஒரு இடத்தில் இருப்பான். தண்ணீர் பட்டால் போய்விடும் என்பதால் குளியலறைக்கும் கொண்டுபோக முடியாது. காலைக்கு எங்களுக்கு உதவுவது சுவரில் ஒட்டிய படங்கள்தான். என் மகள் வரைந்து கொடுத்தாள்: பிரஷ், வாளி, சட்டை, இட்லித் தட்டு, பை, ஷூ. முடித்த படத்தின் மேல் ஒரு கிளிப்பை மாட்டிக்கொண்டே போவான். செலவே இல்லை.

இனி இந்த டைமரின் குறைகள். பெரிய குறை, எண்கள் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் ஓடுகின்றன. கடிகாரத்தில் 15 நிமிஷம் இருக்கும் இடத்தில் இதில் 45 இருக்கிறது. சிவப்பு கடிகாரத் திசையில் கரைய வேண்டும் என்பதற்காக இப்படி அமைத்திருக்கிறார்கள், காரணம் புரிகிறது. ஆனால் மூன்றாம் வகுப்பில் மணி பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இது குழப்பம் தரும். எண்களின் மேல் வெள்ளை ஒட்டுத் தாள் ஒட்டிவிட்டு வெறும் சிவப்பை மட்டும் காட்டினால் சரியாகிவிடும்.

அடுத்தது குமிழ். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் கை சும்மா இருக்காத பிள்ளைக்கு அதைத் திருகுவதே விளையாட்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது லேசாகத் தட்டினாலும் இரண்டு நிமிஷம் கூடிவிடும். கைக்கு எட்டாத, கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் வைக்க வேண்டும். ஒன்று, இரண்டு நிமிஷம் மாதிரி சின்ன நேரத்துக்குத் துல்லியம் போதாது. பின்பக்கத் தாங்கி மெல்லிய பிளாஸ்டிக், எங்களுடையது கீழே விழுந்ததில் உடைந்து இப்போது ரப்பர் பேண்டில் நிற்கிறது. பீப் பலமாக இருந்தால் காதில் குத்துகிறது, சத்தத்துக்குக் கூசும் பிள்ளை என்றால் சுவிட்சை 'இல்லை' நிலையில் வையுங்கள். ஓடும்போது டிக் டிக் சத்தம் இல்லாதது பெரிய நன்மை. முறுக்கி விடும் சமையல் டைமரில் அந்தச் சத்தம்தான் பிள்ளையின் கவனத்தைப் பிடித்துக்கொள்ளும், கணக்கு அங்கேயே நிற்கும்.

போனில் இதே மாதிரி ஆப்கள் இலவசமாகவே கிடைக்கும்போது இதற்கு ஏன் காசு என்று கம்பெனியில் ஒருவர் கேட்டார். போனை எதிரில் வைத்துவிட்டு இந்தப் பிள்ளையை நோட்டைப் பார்க்கச் சொல்ல முடியாது, அவ்வளவுதான் பதில். மணல் கடிகாரம் அழகாக இருக்கும், பல் தேய்க்க உதவும், ஆனால் ஒவ்வொரு நேரத்துக்கும் ஒவ்வொன்று வாங்க வேண்டும். காசு செலவழிக்க முடியாதவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன்: சுவரில் இருக்கும் முள் கடிகாரத்தை இறக்கி, கண்ணாடியின் மேல் ஒயிட்போர்டு மார்க்கரால், இப்போது பெரிய முள் இருக்கும் இடத்திலிருந்து முடிய வேண்டிய இடம் வரை வண்ணம் தீட்டுங்கள். முள் வண்ணத்தைக் கடந்து போவது கண்ணுக்குத் தெரியும். துணியால் துடைத்தால் போய்விடும். மணி பார்க்கவும் பிள்ளை கற்றுக்கொள்ளும். இந்த டைமர் செய்வதில் முக்கால் பங்கை அதுவும் செய்யும்.

இந்தப் பொருளுக்கு எங்கள் வீட்டில் எதிர்பாராத ஆதரவு என் அம்மாவிடமிருந்து வந்தது. அவர் பள்ளிக்கூடம் போனதில்லை, கடிகாரத்தில் மணி பார்க்கத் தெரியாது. நானும் மனைவியும் வேலையிலிருந்து வரும் வரை பிள்ளைகள் அவர் பொறுப்பு. சிவப்பு இருக்கிறதா, தீர்ந்ததா என்பது அவருக்கு ஒரே பார்வையில் புரிகிறது. 'செவப்பு இன்னும் இருக்குது கண்ணு, ஆடு' என்று அவர் சொல்வதைப் பேரன் எதிர்த்துப் பேசுவதில்லை, ஏனென்றால் அவனுக்கும் அது தெரிகிறது. தாத்தா பாட்டியோடு வளரும் பிள்ளைகள் நம் பக்கத்தில் எத்தனையோ பேர். அவர்கள் கையிலும் நிற்கும் கருவி என்பதால் நான் இதற்கு ஒரு மதிப்பெண் கூட்டிக் கொடுப்பேன். 'அவங்க மாமனும் சின்னதுல இப்படித்தான்' என்று அம்மா சொல்வதிலும் உண்மை இருக்கிறது. இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் ஏடிஹெச்டியில் மரபின் பங்கு 70 முதல் 80 சதவீதம் என்று சொல்கின்றன. வளர்ப்பைக் குறை சொல்லும் உறவினர்களுக்கு இதைச் சொல்லலாம்.

பள்ளியில் கதை வேறு. இந்த டைமர் அங்கே நல்லதும் செய்யும், கெட்டதும் செய்யும். ஒரு பள்ளியில் என் மகன் மேசையில் மட்டும் இதை வைத்து, 'நேரம் போகுது பார், எல்லாரும் முடிச்சாச்சு' என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கரையும் சிவப்பைப் பார்த்துப் பார்த்து அவன் கை நடுங்கியது, எழுத்து இன்னும் மோசமானது, பிள்ளைகள் பட்டப்பெயர் வைத்தார்கள். அவசரப்படுத்தும் கருவியாக இதைப் பயன்படுத்தினால் வாங்காமலே இருக்கலாம். கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

இப்போதைய வகுப்பு மிஸ் செய்வது சரியான முறை. டைமர் அவர் மேசையில், நாற்பது பிள்ளைகளுக்கும் பொதுவாக. போர்டில் இருப்பதை எழுதப் பத்து நிமிஷம் என்றால் எல்லாருக்கும் பத்து நிமிஷம். பீப் கிடையாது. என் மகன் யாருக்கும் தனியாகத் தெரிவதில்லை. உள்ளங்கை அளவு டைமர் மூன்றாவது வரிசைக்கு அப்பால் தெரியாது என்பதுதான் பிரச்சினை. வகுப்பறைக்கு வாங்குவதானால் ஒரு அடியாவது அகலமானதை வாங்க வேண்டும், அல்லது மேலே சொன்ன மார்க்கர் வழி.

டைமரைவிட பள்ளியில் அதிகம் உதவுவது அந்த மிஸ் எழுதி அனுப்பும் தினசரி அட்டை. இது உலகம் முழுக்க ஆய்வுகளில் நல்ல பலன் காட்டிய முறை, தாளும் பேனாவும் போதும். அட்டையில் மூன்றே வரி. போர்டில் உள்ளதை எழுதினான், கை தூக்கிவிட்டுப் பேசினான், வீட்டுப்பாடத்தை டைரியில் குறித்தான். ஒவ்வொரு பாட வேளைக்கும் ஒரு டிக் அல்லது காலி. திட்டு வரி எதுவும் கிடையாது. டிக் இத்தனை இருந்தால் அன்றைக்கே மாலையில் அவன் கேட்கும் ஒன்று நடக்கும்: பாலாற்றங்கரை வரை சைக்கிள், அல்லது ஆற்காடு மக்கன் பேடா. முழுப் பரீட்சையில் நல்ல மார்க் எடுத்தால் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்று ஆறு மாசம் தள்ளி வைக்கும் பரிசு இந்தப் பிள்ளைகளிடம் எடுபடாது. காரணம் மேலே சொன்னதுதான், அந்த ஆறு மாசம் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. ஜன்னலை விட்டு விலக்கி முன்வரிசையில் உட்கார வைத்தது, பத்துக் கணக்குக்குப் பதில் ஐந்து கொடுத்தது, டஸ்டர் கழுவ அனுப்பி நடக்க விட்டது, எல்லாம் அந்த மிஸ்ஸின் சொந்த யோசனை. கேட்டால் செய்யும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தாளில் நான்கு வரி எழுதி, மரியாதையாகக் கேளுங்கள்.

சட்டப்படி கேட்க முடியுமா என்பவர்களுக்கு: 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன. கற்றல் குறைபாடு அதில் இருக்கிறது, அதனால் அதற்குச் சட்டப்படி கேட்கலாம். ஏடிஹெச்டி தனியாக இல்லை. இரண்டும் சேர்ந்து வரும் பிள்ளைகள் நிறைய. அதனால் ஏடிஹெச்டி என்று சொன்ன டாக்டரிடமே, வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றையும் சோதிக்கச் சொல்லிக் கேட்பது நல்லது.

வளர்ந்த பிள்ளைகளுக்கு இது ஒத்துவருமா? என் அண்ணன் மகள் குடியாத்தத்தில் பத்தாம் வகுப்பு. ஓடி ஆடும் ரகம் இல்லை, அமைதியாக உட்கார்ந்து ஜன்னலைப் பார்க்கும் ரகம். இந்த மாதிரிப் பெண்பிள்ளைகளை யாரும் கவனிப்பதே இல்லை, தொல்லை தராததால் 'கனவு காண்கிறாள்' என்று விட்டுவிடுகிறார்கள். அவளுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். 'சித்தப்பா, இது சின்னப் பசங்க சாமான், தம்பிக்கே குடுங்க' என்றாள். சரி என்று கட்டாயப்படுத்தவில்லை. சாம்பல் நிறத்தில், பொம்மை மாதிரித் தெரியாத ஒன்று கிடைத்தது, அதை அவள் தன் அறையில் வைத்துக்கொண்டாள். எப்போது, எத்தனை நிமிஷம் என்பதை அவள்தான் முடிவு செய்வாள், என் அண்ணி குமிழைத் தொடக் கூடாது என்பது அவர்களுக்குள் பேச்சு. பதினைந்து வயதில் இந்த உரிமை இல்லாவிட்டால் எந்தக் கருவியும் மூலைக்குப் போய்விடும்.

அவள் பயன்படுத்தும் விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. பொதுத் தேர்வு மூன்று மணி நேரம், அதற்கு முன் வினாத்தாள் படிக்கப் பத்து நிமிஷம், விவரம் நிரப்ப ஐந்து நிமிஷம். பழைய வினாத்தாளை எடுத்துப் பகுதி பகுதியாக டைமர் வைத்து எழுதுகிறாள். ஒரு மதிப்பெண் கேள்விகளிலேயே அரை மணி போய்விடுகிறது என்பது சிவப்பைப் பார்த்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. பரீட்சைக் கூடத்துக்குள் இந்த டைமர் வராது. அதனால் இப்போது டைமரோடு கூடவே ஒரு சாதாரண முள் கைக்கடிகாரத்தையும் வைத்துப் பழகுகிறாள். கொஞ்சம் கொஞ்சமாக டைமரை விட்டுக் கடிகாரத்துக்கு மாற வேண்டும், அதையும் அவளே திட்டம் போட்டிருக்கிறாள். டைமரால் முடியாதது ஒன்று உண்டு: இரண்டு வாரத்தில் முடிக்க வேண்டிய புராஜெக்ட். அறுபது நிமிஷத்துக்கு மேல் இதில் நேரம் இல்லை. அதற்குச் சுவரில் பெரிய மாதக் காலண்டர், கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சின்ன வேலை எழுதுவது.

இது மருத்துவம் இல்லை என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளை துருதுருவென்று இருக்கிறான் என்று நாமே முடிவு கட்டி டைமர் வாங்கி வைத்துக் காத்திருக்கக் கூடாது. அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும், வீடு, பள்ளி என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும் என்று பார்த்துத்தான் டாக்டர்கள் உறுதி செய்கிறார்கள். காது, கண், தூக்கம் இவற்றில் குறை இருந்தாலும் இதே மாதிரித் தெரியும். 2019இல் ராணிப்பேட்டை தனி மாவட்டம் ஆன பிறகும் இதற்கு எங்களுக்கு வேலூர்தான். பாகாயத்தில் சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையத்தில் சிறுவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனிப் பிரிவு இருக்கிறது, காட்பாடியிலிருந்து டவுன் பஸ்ஸிலேயே போகலாம். மத்திய அரசு 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற பிள்ளைகள் நலத் திட்டத்தில் 18 வயது வரை பரிசோதிக்கும் நிலைகளில் ஏடிஹெச்டியும் ஒன்று. அரசுப் பள்ளிக்குப் பரிசோதனைக் குழு வரும்போது தலைமை ஆசிரியரிடம் சொல்லி வைத்துக் கேட்கலாம்.

ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு முதலில் பெற்றோருக்கான பயிற்சிதான், அதன் பிறகுதான் மருந்தைப் பற்றிய பேச்சு. பெரிய பிள்ளைகளுக்கு டாக்டர் மாத்திரை சொன்னால் பயந்து ஓட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். இதற்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் பல பத்தாண்டுகளாக ஆராயப்பட்ட மருந்து. பசி குறையும், தூக்கம் தள்ளிப் போகலாம், அதனால் எடையும் உயரமும் அவ்வப்போது பார்ப்பார்கள். அதன் சாதாரண மாத்திரை ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான் வேலை செய்யும். காலையில் போட்டது மாலை ஆறரைக்கு வீட்டுப்பாட நேரத்தில் இருக்காது. மாத்திரை எடுக்கும் வீட்டிலும் மாலைக்கு இந்த மாதிரி ஏற்பாடு தேவைப்படுவது அதனால்தான்.

வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியவை: சத்தத்தை முழுதாக நிறுத்தும் சுவிட்ச் இருக்கிறதா, ஓடும்போது டிக் சத்தம் இல்லை என்று போட்டிருக்கிறதா, திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் தருகிறார்கள். வந்த அன்றே போன் ஸ்டாப்வாட்ச்சோடு வைத்து இருபது நிமிஷம் ஓட்டிப் பாருங்கள், ஒரு நிமிஷத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் திருப்பிவிடுங்கள். சிவப்பு குறைவதைப் பார்த்தாலே பதற்றப்படும் பிள்ளைகள் சிலர் உண்டு, அவர்களுக்கு வாங்க வேண்டாம், சுவரில் ஒட்டும் படங்களே போதும். மற்றவர்களுக்கு, ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது அந்தத் தாங்கிக்கும் எதிர்த் திசை எண்களுக்கும்.